பட்டியலில் நான்காவது பெயர்

இது நடந்தது. ஊர் கீழக்குயில்குடி. நாள், போன ஆடிப் பௌர்ணமி. மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குத் தொடங்கி ஆறு ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. சரியாக ஒரு மணி நேரம். முழுசாக இருட்டக்கூட இல்லை. பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள் இதைப் படிக்கும் முன் வாசல் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயக்கொடி பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. வயது இருபத்துமூன்று. நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு கேபிள் ஆபீசில் வேலை பார்க்கிறாள். நெட் வரவில்லை என்று சண்டைக்கு வருபவர்களிடம் போனில் பதமாகப் பேசி, எந்த விளக்கு எரிகிறது, எந்த வயர் கழன்றிருக்கிறது என்று கேட்டுச் சரிசெய்து கொடுப்பாள். அதனால் சொந்தக்காரர்கள் வீட்டில் டிவி முதல் போன் வரை எது மக்கர் செய்தாலும் அவளுக்குத்தான் அழைப்பு வரும்.

அன்றைக்குக் கூப்பிட்டது பாண்டிமீனா. ஜெயக்கொடியின் பெரியம்மா மகள். முப்பது வயது. போன வருடம் வைகாசியில் அவள் புருஷன் ராஜபாண்டி மார்வலியில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லை. மாமியாரோடும் கொழுந்தன் நல்லகாமனோடும் அதே வீட்டில் இருந்தாள். இப்போது கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்து வீட்டிலிருந்தே டைப் செய்யும் வேலை. அதற்காகத்தான் புதுக் கம்ப்யூட்டர்.

ஆனால் ஒரு சோதனை இருந்தது. அன்று மாலை ஆறரைக்குக் கம்பெனிக்காரர்கள் இவள் வீட்டு நெட்டைச் சோதிப்பார்கள். இருபது நிமிடம். வேகம் குறையக் கூடாது. இடையில் ஒரு நொடி அறுந்தாலும் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். இது கிடைக்காவிட்டால் ஆவணி பிறந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். பாண்டிமீனாவுக்கு அந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நாலு நாற்பதுக்கு ஜெயக்கொடி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தாள். மாமியாரும் நல்லகாமனும் அழகர்கோவில் தேருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். காலையிலேயே ஆள் வந்து வயர் இழுத்து, புது மோடத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். கம்ப்யூட்டர் மட்டும் நெட்டைப் பிடிக்கவில்லை.

தோள்பையைக் கழற்றி வைப்பதற்குள் பாண்டிமீனா ஆரம்பித்துவிட்டாள். "லைட் எரியுதா சார்னு கேக்குற வேலைக்கு, லீவு போட்டு வர்றதுக்கு எம்புட்டு பவுசுடி ஒனக்கு."

"ஒனக்காக மேனேஜர்கிட்ட காய்ச்சல்னு சொல்லிட்டு வந்துருக்கேன்க்கா. டீயப் போடு மொதல்ல."

கம்ப்யூட்டரில் பெரிய கோளாறு இல்லை. காலையில் வந்த ஆள் ஒரு வயரை மாற்றிச் செருகியிருந்தான். கரண்டு போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி மட்டும் வாங்கவில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். கரண்டு போனால் எல்லாம் போச்சு. போகாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு வைஃபைக்குப் பேர் வைக்கும் வேலை. ஜெயக்கொடி ஆபீசில் எல்லாருக்கும் சொல்லும் ஒரு வழி உண்டு. பழைய மோடத்தை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டும்போது, பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையுமே வைத்துவிட வேண்டும். அப்படி வைத்தால் வீட்டில் இருக்கும் போனெல்லாம் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் போட வேண்டியதில்லை.

"மச்சான் வச்ச பேரு என்னக்கா?"

பாண்டிமீனா யோசிக்கவே இல்லை. ராஜாமீனா. பாஸ்வேர்டு, கல்யாணத் தேதி.

ஜெயக்கொடி அப்படியே அடித்தாள். மோடம் அணைந்து மறுபடியும் உயிர் பெற்றது. பாண்டிமீனாவின் போன் தானாகச் சேர்ந்தது. ஜெயக்கொடியின் போனும் சேர்ந்தது. முன்பு எப்போதோ அந்த வீட்டுக்கு வந்தபோது போட்டது. கம்ப்யூட்டரோடு சேர்த்து மூன்று.

ஜெயக்கொடி தன் போனில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று அங்கே பட்டியல் வரும்.

மூன்று இல்லை. நான்கு.

நான்காவது பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ராஜபாண்டி.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

"அக்கா, மச்சான் போன் எங்க இருக்கு?"

பாண்டிமீனா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அந்தப் போன் இல்லை. தூக்கிப்போன அன்றைக்கே காணாமல் போய்விட்டது. வீடு நிறையக் கூட்டம். எவனோ எடுத்துவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்த ஊரில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. பாடை தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்து, குளித்துவிட்டு, வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் போனைத் தேடி அவன் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறாள். மணி அடித்தது. ஏழு தடவை அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அதற்குள் அணைத்துவிட்டார்கள். அந்த அழைப்பை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தாள். எடுத்துக் காட்டினாள். 'அவுக' என்று போட்டு, கீழே நேரம் இருந்தது. மாலை 5:52.

ஜெயக்கொடி அந்த நேரத்தைப் பார்த்தாள். சரி, தற்செயல் என்று நினைத்தாள்.

"களவாணிப்பய பக்கத்துலதான்க்கா இருக்கான்" என்றாள். சிம் எப்போதோ செத்திருக்கும். ஆனால் போனை எவனோ வைத்திருக்கிறான். இந்தத் தெருப்பக்கம் வந்திருக்கிறான். பழைய பேர், பழைய பாஸ்வேர்டு. போன் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு எண் இருக்கும். சிக்னல் எண். போன் தூரத்தில் இருந்தால் தொண்ணூறு காட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் என்றால் ஐம்பது, அறுபது. இதே அறை என்றால் நாற்பது. மோடத்தின் மேலேயே போனை வைத்தால் முப்பது. அதற்குக் கீழே ஜெயக்கொடி பார்த்ததில்லை.

நான்காவது பெயருக்கு நேரே 91.

ஒரு நிமிடம் கழித்து 90.

பிறகு 88.

"வாரான்க்கா" என்றாள் ஜெயக்கொடி.

ஆறு நாலுக்குப் பாண்டிமீனாவின் கையில் இருந்த போன் லேசாக அதிர்ந்தது. அவள் வாட்சப்பைத் திறந்தாள். முகம் மாறிப்போனது. ஜெயக்கொடி எட்டிப் பார்த்தாள். அவுக என்ற பெயரில் வரிசையாக மெசேஜ். எல்லாம் இவள் அனுப்பியது. சாப்பிட்டீகளா. இன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு, வரல. ஒங்க தம்பிக்குப் பொண்ணு பாக்காக. பதினான்கு மாதமாக, தினம் ஒன்று. எல்லாவற்றிலும் ஒற்றை டிக் மட்டும்தான் இருந்தது. போய்ச் சேராத மெசேஜ்.

இப்போது இரண்டு டிக்.

மேலிருந்து கீழே... ஒவ்வொன்றாக... இரண்டு டிக்.

பிறகு நீலமானது.

"எவனோ படிக்கிறான்டி" என்றாள் பாண்டிமீனா. அவமானத்தில் காது மடல் சிவந்துவிட்டது. "நான் அவுகளுக்கு எழுதுனத எவனோ படிக்கிறான்."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே போனாள். ஜெயக்கொடியும் பின்னாலேயே போனாள். கிழக்கே தெரு. ஆள் இல்லை. பாதி ஊர் தேருக்குப் போயிருந்தது. மேற்கே காய்ந்த காடு, அப்புறம் கண்மாய்க்கரை, அதன் பின்னால் சமணர் மலை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு ஆடுகூட இல்லை. ஒருவன் நடந்து வந்தால் அரை மைலுக்கு அப்பாலேயே தெரிந்துவிடும்.

ஜெயக்கொடி போனைப் பார்த்தாள். 79.

கிழக்கே பார்த்தாள். மேற்கே பார்த்தாள். யாரும் இல்லை.

74.

அந்த நேரத்தில் மலைப்பக்கம் மயில்கள் விடாமல் அகவும். அன்றைக்கும் அகவிக்கொண்டுதான் இருந்தன. ஆறு பதினேழுக்கு, யாரோ அதட்டியது மாதிரி, எல்லாம் ஒன்றாக நிறுத்திக்கொண்டன.

71.

"உள்ள போவோம்க்கா."

இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். பின்கதவைத் தாழ் போட்டாள் ஜெயக்கொடி. மேல்தாழ், கீழ்த்தாழ் இரண்டும். மணி ஆறு இருபது. பாஸ்வேர்டை மாற்றலாம் என்று யோசித்தாள். மாற்றினால் மோடம் மறுபடியும் அணைந்து எழ வேண்டும். அது எப்போது எழும் என்று சொல்ல முடியாது. சோதனைக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. திருடனுக்குப் பயந்து வேலையை விட முடியாது. அவள் இன்னும் திருடன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்க முயன்றாள் என்று சொல்ல வேண்டும்.

ஆறரைக்குச் சோதனை தொடங்கியது. திரையில் ஒரு பச்சைக் கட்டம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு பொத்தான் வரும். பத்து நொடிக்குள் அமுக்க வேண்டும். ஆள் இருக்கிறார் என்பதற்கு அடையாளம். பாண்டிமீனா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஒரு கை மவுஸில்.

வேகம் நாற்பதில் இருந்தது. முப்பதுக்குக் கீழே போகக் கூடாது.

ஆறு முப்பத்துமூன்றுக்கு முப்பத்தைந்து. பிறகு முப்பத்துமூன்று.

நான்காவது பெயர் நெட்டை இழுத்துக்கொண்டிருந்தது.

"தூக்கிரு அவன" என்றாள் பாண்டிமீனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜெயக்கொடி அந்தப் பெயரைத் தொட்டாள். தடை செய் என்று கொடுத்தாள். பெயர் மறைந்தது. மூன்றே மூன்று. வேகம் மறுபடியும் நாற்பதுக்கு ஏறியது. மணி ஆறு முப்பத்துநான்கு. ஒரு தடவை தடை செய்த போன் மறுபடியும் உள்ளே வர முடியாது. இதை அவள் ஆயிரம் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாள்.

ஆறு முப்பத்தாறு.

நான்கு.

ராஜபாண்டி. 52.

சுவருக்கு அந்தப் பக்கம்.

ஜெயக்கொடி மறுபடியும் தடை செய்தாள். பெயர் போகவில்லை. மறுபடியும் அமுக்கினாள். போகவில்லை. 49 ஆனது.

பின்கட்டில் ஒரு சத்தம்.

டக்.

மேல்தாழ்.

சற்று நேரம் எதுவும் இல்லை...

டக்.

கீழ்த்தாழ்.

"அக்கா..."

"கேட்டுச்சு." பாண்டிமீனா திரும்பவில்லை. பொத்தான் வந்தது. அமுக்கினாள். "இன்னும் பதினாலு நிமிசம் இருக்குடி."

ஆறு முப்பத்தெட்டுக்குக் கரண்டு போனது.

ட்யூப்லைட் அணைந்தது. காற்றாடி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வெளியே தெருவிளக்கும் இல்லை.

கம்ப்யூட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மோடமும் எரிந்துகொண்டிருந்தது. நான்கு விளக்கும் பச்சை.

ஜெயக்கொடி வயரைப் பார்த்தாள். வயர் சுவரில்தான் இருந்தது. சுவரில் கரண்டு இல்லை. பேட்டரிப் பெட்டியும் இல்லை. பச்சைக் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் நாற்பது. அசையாத நாற்பது.

அப்போது வாடை வந்தது. மண் வாடை. மழை பெய்த மண் இல்லை. ஆழமாகத் தோண்டி வெளியே போட்ட புது மண்.

41.

"எந்திரிக்கா. ஓடிருவோம்."

"நீ போ கொடி."

"அக்கா..."

"நான் இந்த வீட்ட விட்டுப் போகமாட்டேன்."

பொத்தான் வந்தது. அமுக்கினாள்.  எழுந்திருக்கவில்லை.

ஜெயக்கொடியும் போகவில்லை. போக முடியவில்லை. அந்த உள்ளறையிலிருந்து வாசலுக்குப் போக வேண்டுமானால் பின்கட்டுக் கதவைக் கடக்க வேண்டும்.

ஆறு நாற்பத்துமூன்று. 36.

ஆறு நாற்பத்தைந்து. 30.

மோடத்தின் மேலேயே வைத்தால்தான் முப்பது.

ஆறு நாற்பத்தாறு. 24.

பாண்டிமீனாவின் நாற்காலிக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, காற்று குளிர்ந்து கிடந்தது. ஜெயக்கொடி கையை நீட்டிப் பார்த்தாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

17.

11.

6.

திரையில் பச்சை எழுத்து வந்தது. சோதனை முடிந்தது. தேறிவிட்டீர்கள்.

மணி ஆறு ஐம்பது.

கம்ப்யூட்டர் அந்த நொடியே அணைந்தது.

இருட்டு. இரண்டு பேர் மூச்சுச் சத்தம்.

இரண்டு பேர் மூச்சுதானா...

ஆறு ஐம்பத்தொன்றுக்குப் பாண்டிமீனாவின் போன் அடித்தது. அந்த வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. திரையில் ஒரே ஒரு வார்த்தை.

அவுக.

ஏழாவது மணியில் எடுத்தாள். சத்தத்தைப் பெரிதாக வைத்தாள்.

பேச்சு இல்லை. முதலில் வெறும் இரைச்சல். பிறகு...

சரக்... பொத்.

சரக்... பொத்.

அதற்கு நடுவில், துணியில் சுற்றி வைத்தது மாதிரி, ஒரு உறுமி மேளம். ஜெயக்கொடிக்கு அது தெரியும். அலங்காநல்லூர் வாடிவாசலில் ராஜபாண்டி தானே பதிந்து வந்து, தன் போனுக்கு மணியாக வைத்த சத்தம். அவன் போன் அடிக்கும் சத்தம். ஒவ்வொரு 'பொத்'துக்கும் அது இன்னும் அடங்கியது. இன்னும் ஆழத்துக்குப் போனது.

மேலே எங்கிருந்தோ ஒரு ஆண் குரல். ஒரே சொல்.

"தள்ளுங்க..."

பாண்டிமீனா போனை வாய்க்கு அருகில் கொண்டு போனாள்.

"ஏங்க" என்றாள். "நான் அன்னைக்குக் கூப்புட்டேன்ல... ஏன் எடுக்கல?"

சத்தம் நின்றது.

ஒரு மூச்சு. நீளமாக.

அழைப்பு அறுந்தது. மணி ஆறு ஐம்பத்திரண்டு.

கரண்டு ஏழு இருபத்துநாலுக்குத்தான் வந்தது. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. வாடை போயிருந்தது. பட்டியலில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.  எட்டரைக்குத் தேர் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் அக்காளும் தங்கச்சியும் எதையும் சொல்லவில்லை.

கம்பெனியிலிருந்து மறுநாளே ஆர்டர் வந்துவிட்டது. பாண்டிமீனா இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் வேலை பார்க்கிறாள். வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் மாற்றலாமா என்று ஜெயக்கொடி ஒரே ஒரு தடவை கேட்டாள். வேண்டாம் என்றாள்.

ஆபீசுக்குப் போனதும் ஜெயக்கொடி முதலில் பதிவைத்தான் பார்த்தாள். கரண்டு போனபோது கீழக்குயில்குடி தெருமுனைப் பெட்டியும் செத்திருந்தது. ஆறு முப்பத்தெட்டிலிருந்து ஏழு இருபத்துநாலு வரை அந்தத் தெருவில் யார் வீட்டுக்கும் நெட் போகவில்லை. பாண்டிமீனா வீட்டுக்கு நேரே பூஜ்யம்.

அதைக்கூட அவள் எப்படியாவது மறந்திருப்பாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்காளைப் பார்க்க வந்தவளை நல்லகாமன் தன் லோடு ஆட்டோவில் நாகமலைக்கு ஏற்றிக்கொண்டு போனான். வழியில், சும்மா கேட்பது மாதிரி, மச்சான் போனை யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்டாள். நல்லகாமன் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். 

"அண்ணிகிட்ட சொல்லிறாத கொடி. யாரும் திருடல. நாந்தேன் குழிக்குள்ள அண்ணன் நெஞ்சு மேல வச்சேன். அது இல்லாம ஒரு நிமிசம் இருக்கமாட்டாருல. அண்ணி திருடு போச்சுன்னு அழுதுக்கிட்டு இருந்துச்சா... அப்பறம் சொல்ல வாய் வரல."

ஜெயக்கொடி போனை அணைத்துவிட்டு வைத்தீர்களா என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

"பாதி மண்ணு தள்ளியிருப்போம். உள்ளயிருந்து உறுமிச் சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் மம்பட்டியப் போட்டுட்டு நின்னுட்டோம். எறங்கி எடுக்க எவனுக்கும் தெம்பு இல்ல. பெரியாளுக, பொழுது எறங்குது நிறுத்தாதீக, தள்ளுங்கன்னாக. தள்ளுனோம். அது பாட்டுக்கு அடிச்சுச்சு... ஏழு தடவ."

வண்டியைக் கிளப்பினான்.

"அந்நேரம் அவரக் கூப்புட்டது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியல."

ஜெயக்கொடிக்குத் தெரியும். எத்தனை மணிக்கு என்பதும் தெரியும்.